பதினோரு சிரித்த முகம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சூர்யகலா லேப்டாப்பைத் திறந்தபோது, திரையில் ஒரு சிரித்த முகம் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. சாயங்காலம் நாலரைக்குள் மொத்தம் பதினோரு சிரித்த முகம். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் அவள் சந்தோஷப்பட்டாள். 'அப்பாடா, தோட்டத்துல ஈஸ்வரண்ணன் முடிச்சுக் குடுத்துட்டாரு' என்று நிம்மதியாக டீ போட்டுக் குடித்தாள். போடியில் அவள் அந்த டீயை ஊதிக்கொண்டிருந்த நேரத்தில், மலைக்கு மேலே ஒரு பெண் ஏலச்செடிகளுக்கு நடுவே ஈரத்தரையில் உட்கார்ந்து, வராத ஜீப்புக்காகக் காத்திருந்தாள். அவள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை இருந்தது. அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் உயிரோடுதான் இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் யாரை வைவது என்று தெரியும். சொல்லி முடித்த பிறகும் தெரியாமல் போகலாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

சூர்யகலா போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடையில் ஆறு வருஷம் இருந்தவள். போனில் எதைத் தட்டினால் என்ன வரும் என்று யாருக்கும் அலுக்காமல் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பொறுமைதான் அவளைப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்கள் 'பேச்சுத்துணை' என்று ஓர் ஆப் செய்திருந்தார்கள். இந்தியில் பேசினால் அடுத்தவர் போனில் தமிழாகக் கேட்கும், தமிழில் பேசினால் இந்தியாகக் கேட்கும். ஏலத்தோட்டங்களில் இப்போது பாதி ஆள் ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள். கங்காணிக்குத் தமிழ் மட்டும் தெரியும், வந்தவர்களுக்குத் தமிழ் தவிர எல்லாம் தெரியும். அங்கே ஆப்பை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, ஜனங்களுக்குக் கையாள வருகிறதா, பிடித்திருக்கிறதா என்று எழுதித்தர ஓர் ஆள் வேண்டியிருந்தது.

சூர்யகலாவுக்கு இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது. வேலை கிடைத்ததே அதனால்தான். "உங்களுக்கு மொழி தெரிஞ்சா நீங்களே பேசித் தீர்த்துடுவீங்க, ஆப்பை யாரும் தொடமாட்டாங்க" என்று வீடியோவில் சொன்னான் வினோத்குமார். அவன்தான் பெங்களூரில் இந்தச் சோதனைக்கெல்லாம் தலைமை. கெட்டவன் இல்லை. சிரித்த முகமாகப் பேசுவான், அவள் சொல்வதைக் குறித்துக்கொள்வான். இப்படிப்பட்டவர்களால்தான் சில சமயம் காரியம் கெடுகிறது.

திங்கட்கிழமை காலையில் பொம்பளையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் அவளும் ஏறினாள். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, மேட்டுக்கு அந்தப்பக்கம் இறங்கினால் தோட்டம். ஜீப்பில் இடித்துப்பிடித்து உட்கார இடம் கொடுத்தவள் கருப்பம்மாள். சிலமலையிலிருந்து இருபது வருஷமாக இதே மலைக்குக் காய் எடுக்கப் போகிறவள். வாயாடி, மனசு நல்லது.

"என்னத்தா சோலி மலையில?"

"போன்ல பேசுறத சோதிக்கணும்க்கா. இந்திக்காரங்க பேசுறது நமக்குப் புரியுதான்னு."

"இம்புட்டு நாளா புரியாமத்தான காயெடுத்தோம்? காய் கொறஞ்சா போச்சு?" என்றாள் கருப்பம்மாள். ஜீப்பே சிரித்தது. மூன்றாவது வளைவு வருவதற்குள் சூர்யகலாவுக்கு 'போன் டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

சோதனை முறை சுலபம். இரண்டு போன். ஒன்று காய் நிறுக்கிற ஸ்டோரில் கங்காணி ஈஸ்வரனிடம். இன்னொன்று வேலையாளின் கழுத்தில், மழை படாத பையில். ஆள் பொத்தானை அமுக்கிப் பேசினால் கங்காணியின் போன் தமிழில் சொல்லும். கங்காணி பதிலை அமுக்கினால் ஆளின் போன் இந்தியில் சொல்லும். பிறகு ஆளின் போன் திரையில் ஐந்து முகம் வரும். இடது ஓரத்தில் அழுகிற முகம், வலது ஓரத்தில் பல் தெரியச் சிரிக்கிற முகம். பேச்சு எப்படி இருந்தது என்று ஏதாவது ஒரு முகத்தை அமுக்க வேண்டும். அமுக்கிய முகம் சூர்யகலாவின் லேப்டாப்பில் வந்து விழும். அமுக்காதவரை அடுத்த பேச்சுக்குப் போக முடியாது.

என்ன பேசுவது என்பதற்கு ஏழு அட்டைகள். ஏழையும் எழுதியவள் சூர்யகலாதான். தோட்டத்தில் என்னென்ன பேச வேண்டியிருக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்து, ராத்திரி பகலாக உட்கார்ந்து தமிழில் எழுதினாள், கம்பெனி அதை இந்தியாக்கிக் குரலில் அனுப்பியது. சாக்கு நிறைந்துவிட்டது, காலில் அட்டைப்பூச்சி கடிக்கிறது, தண்ணீர் வேண்டும், இப்படி. நாலாவது அட்டை உடம்புக்கு முடியாமல் போனால் பேசுவது. வேலையாள் இந்தியில் சொல்ல வேண்டியது: "எனக்கு வயிறு வலிக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும்." கங்காணியின் பதில்: "சரி. அங்கேயே உட்கார். ஜீப்பு வரும்." பதில் ஒரே பொத்தானில் தயாராக இருந்தது.

இந்த நாலாவது அட்டையைத்தான் கம்பெனி பெரிதாக நினைத்தது. பதற்றத்தில், வலியில், அழுதுகொண்டே பேசினாலும் ஆப் புரிந்துகொள்கிறதா என்று தெரிய வேண்டுமாம். அதனால் மற்ற அட்டைகளுக்கு ஐந்து தடவை என்றால் இதற்கு மட்டும் இருபது தடவை.

"நெசமாவே வலிக்கிற மாதிரி சொல்லணும்க்கா. சும்மா ஒப்பிச்சா மெஷினு ஏத்துக்காது" என்றாள் சூர்யகலா, சாப்பாட்டு நேரத்தில் பெண்களை உட்காரவைத்து.

"இந்தா, இப்பிடியா?" என்று கருப்பம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். "பேட் மே தர்த் ஹை! யாத்தே, பேட் மே தர்த் ஹை!" சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. புதன்கிழமைக்குள் அந்த மலையில் எல்லோர் வாயிலும் வயிறு வலிக்கிறது என்கிற அந்த இந்தி வந்துவிட்டது. நிறைந்த சாக்கைத் தூக்கச் சொன்னால் பேட் மே தர்த் ஹை. ஏற்றத்தில் நடக்கச் சொன்னால் பேட் மே தர்த் ஹை. கணக்குக்காகப் பொத்தானை அமுக்கிச் சொன்னால் மட்டும் ஈஸ்வரன் போன் கத்தும், அவர் காய் நிறுத்துக்கொண்டே கட்டைவிரலால் பதிலை அமுக்குவார்.

நடிக்க வராதவள் ஒருத்திதான். மங்ளி. ஜார்க்கண்டில் ஏதோ காட்டுக்கிராமத்துப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். வாயில் பெயர் நுழையாமல் தமிழ்ப் பெண்கள் அவளை மங்களம் ஆக்கியிருந்தார்கள். அவளுடைய பாஷை இந்தி இல்லை. வேறு ஏதோ. இந்தி அவளுக்கும் இரவல்தான். அவள் தன்போக்கில் பேசினால் ஆப் 'மீண்டும் சொல்லவும்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். மூன்று தடவை பேசிப் பார்த்து மங்ளி பேசுவதையே விட்டுவிட்டாள். அட்டையில் இருந்ததை மனப்பாடம் செய்து சொன்னால் மட்டும் ஆப்புக்குப் புரிந்தது. சூர்யகலா இதைக் குறிப்பில் எழுதினாள். எழுதவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. "அட்டை வாக்கியம் புரியுதுல்ல, இப்போதைக்கு அது போதும்" என்றான் வினோத்குமார். அவளும் விட்டுவிட்டாள்.

முகத்தை அமுக்குவதிலும் மங்ளிக்குச் சிக்கல். முதல் நாள் யோசித்து யோசித்து நடுவில் இருந்த முகத்தை அமுக்கினாள். சிரித்த முகம் தவிர வேறு எதை அமுக்கினாலும், 'ஏன் பிடிக்கவில்லை?' என்று ஆறு கேள்வி கேட்கும்படி ஆப்பைச் செய்திருந்தார்கள். கேள்விகள் இந்தி எழுத்தில். மங்ளிக்கு எந்த எழுத்தும் தெரியாது. திரை அப்படியே நின்றது. அவள் பயந்துபோய்ப் போனைச் சூர்யகலாவிடம் நீட்டினாள், எதையோ உடைத்துவிட்டவள் மாதிரி.

சூர்யகலா அவள் விரலைப் பிடித்து, வலது ஓரத்துச் சிரித்த முகத்தின் மேல் வைத்து அமுக்கினாள். திரை நகர்ந்தது. மறுபடி அதே விரல், அதே முகம். "இது. எப்பவும் இதான். சரியா?" மங்ளிக்குத் தமிழ் புரியவில்லை, விரல் புரிந்தது. வேகமாகத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் வேறு முகத்தைத் தொட்டதே இல்லை.

அழுத மாதிரி சொல்லத்தான் வரவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்துவிடுவாள். சூர்யகலா விடவில்லை. முகத்தைச் சுளித்துக் காட்டி, வயிற்றைப் பிடித்துக் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். ஏழாவதோ எட்டாவதோ தடவையில் மங்ளி குரல் உடைந்து சொன்னபோது, "அப்பிடித்தான்! அப்பிடித்தான்!" என்று கை தட்டினாள். மற்ற பெண்களும் தட்டினார்கள். அவள் முந்தானையை இறுக்கிக் கட்டியிருந்தாள், மேலே மழைக்குப் போர்த்துகிற கொங்காணி வேறு. ஏழு மாதம் என்று சூர்யகலாவுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை வரைக்கும் நாலாவது அட்டை ஒன்பது தடவைதான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு முடிவைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மலையில் அடைமழை. ஜீப்பு ஏற மனசில்லாமல் சூர்யகலா வீட்டிலிருந்தே ஈஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நாலாம் நம்பரு இன்னும் பதினொன்னு பாக்கியிருக்கு. மங்ளி கழுத்துலயே போனை மாட்டி விட்டுருங்க, அவ நல்லாச் சொல்றா. எந்நேரம் வந்தாலும் வெரசா பதில அமுக்கிருங்க, லேட்டாச்சுன்னா அதையும் குறிச்சிரும்."

"அமுக்கிர்றேன் தங்கச்சி. நீங்க கவலைப்படாதீக" என்றார் ஈஸ்வரன். சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர்.

முதல் முகம் வந்தது ஒன்றே முக்காலுக்கு.

ஏலக்காட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செடி ஆளை விட உயரம். அடுத்த வரிசையில் குனிந்து காய் எடுப்பவளின் வளையல் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. மழை பெய்தால் வளையலும் கேட்காது. மங்ளிக்குப் பக்கத்து வரிசையில் கருப்பம்மாள் இருந்தாள். மழைக்கு நடுவே அந்த இந்தி வாக்கியம் கேட்டது. குரல் உடைந்து, இழுத்து, அழுகையாகக் கேட்டது. 'அட, இன்னிக்கு என்னமா நடிக்கிறா' என்று நினைத்துக்கொண்டு கருப்பம்மாள் அடுத்த செடிக்குப் போனாள்.

ஸ்டோரில் ஈஸ்வரனின் போன் சுத்தமான தமிழில் சொன்னது: "எனக்கு வயிறு வலிக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும்." அவர் உடனே பதிலை அமுக்கினார். மங்ளியின் கழுத்தில் போன் சொன்னது: சரி. அங்கேயே உட்கார். ஜீப்பு வரும்.

அவள் உட்கார்ந்தாள். ஜீப்பு வரும் என்று நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், கங்காணியே சொல்கிறாரே. முகம் வந்தது. சிரித்த முகத்தை அமுக்கினாள். அமுக்கினால்தானே மறுபடி பேச முடியும்.

இப்படிப் பத்துத் தடவை. பதினோராவது தடவை அமுக்கியதும் இருபது எண்ணிக்கை நிறைந்துவிட்டது. ஆப் அந்த அட்டையைப் பூட்டிவிட்டு, பூமாலை படம் காட்டி, 'நன்றி, சோதனை முடிந்தது' என்று சொன்னது. அதற்குப் பிறகு அவள் பொத்தானை அமுக்கியதற்கெல்லாம் பூமாலைதான் வந்தது. போடியில் சூர்யகலாவின் திரையில் நாலாவது கட்டம் பச்சையானது.

நாலரைக்குத் திரும்புகிற நேரத்தில் கருப்பம்மாள்தான் போய்ப் பார்த்தாள். மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளின் சேலை மழையால் மட்டும் நனைந்திருக்கவில்லை. கருப்பம்மாள் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடிவந்தார்கள். தூக்கிக்கொண்டுபோய் ஜீப்பில் போட்டு, பதினேழு வளைவும் இறங்கிப் போடி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் ஆறு மணி ஆகிவிட்டது. தாயைப் பிழைக்கவைத்தார்கள். பிள்ளை உள்ளேயே போய்விட்டிருந்தது. பொம்பளைப் பிள்ளை. ரெண்டு மணி நேரம் முந்தி கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஈஸ்வரன் போன் செய்தார். "தங்கச்சி, நான் ஒண்ணைக்கூட விடல. பதினோரு தடவையும் ஒடனே ஒடனே அமுக்கினேன்" என்றார். அதையே நாலைந்து தடவை சொன்னார். அறுபது வயது மனிதர் போனில் தேம்பித் தேம்பி அழுவதை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள்.

அன்று சூர்யகலா மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். பதினோரு வரியும் வரிசையாக இருந்தன. ஒன்றே முக்கால். ரெண்டு பத்து. ரெண்டு முப்பது. போகப் போக இடைவெளி குறைந்தது. கடைசி மூன்றும் ஆறு நிமிஷத்துக்குள். நேரத்தை மட்டும் படித்தாலே வலி நெருங்கி வந்தது தெரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆப் ஒழுங்காக எழுதியிருந்தது: குரலில் பதற்றம், அதிகம். மொழிபெயர்ப்பு, சரி. பயனர் திருப்தி, சிரித்த முகம். இவ்வளவும் தன் கண்ணெதிரே ஓடியதே, தான் டீ குடித்தோமே என்று நினைத்தாள். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

திங்கட்கிழமை வீடியோவில் வந்த வினோத்குமாருக்கு அந்தச் சிரித்த முகமே இல்லை. "உங்க தப்பு இல்லைங்க" என்றான். "ஆப் தப்பும் இல்லை. பதினோரு தடவையும் சரியாத்தான் மொழிபெயர்த்திருக்கு."

"சார், அந்தப் பதினொன்னையும் எடுத்துருங்க."

"எடுத்தா நாலாம் நம்பர் ஒன்பதுல நிக்கும். யாராவது மறுபடி மேல போய் எடுக்கணும்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ரிப்போர்ட் போயிடுச்சு சூர்யகலா. பூட்டியாச்சு. என்னாலயும் திறக்க முடியாது."

அவளால் வைய முடியவில்லை. வைவதற்கு ஒரு மிருகம் மாதிரி ஆள் கிடைத்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அட்டையை எழுதியது யார்? அழச் சொல்லிக்கொடுத்தது யார்? ஜீப்பு வரும் என்ற வார்த்தையை அந்தப் பெண்ணின் காதில் போட்டது யார்? எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகம்தான் நின்றது.

பத்து நாள் கழித்து, மங்ளி ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, சூர்யகலா மலைக்குப் போனாள். ஜீப்பில் யாரும் அவளோடு பேசவில்லை. கருப்பம்மாள் மட்டும், இறங்குகிற இடம் வந்த பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீதானத்தா சொன்ன, நெசமா வலிக்கிற மாதிரி சொல்லணும்னு. நான் பக்கத்துல நிக்கிறேன். நாலு எட்டு வச்சாப் பாத்திருப்பேன். மூணு பிள்ள பெத்தவ நான், எனக்கு அந்தக் கொரலு தெரியாதா? தெரிஞ்ச காதை நீ வந்து கெடுத்துட்டுப் போயிட்ட."

சூர்யகலா இறங்கி நடந்தாள்.

தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் கடைசி அறை மங்ளிக்கு. அவள் புருஷன் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வந்தவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து செடிகளுக்குள் நடந்து மறைந்தான். உள்ளே சாக்கு விரிப்பில் மங்ளி சுவரில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பால் கட்டாமல் இருக்க மாரை ஒரு துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் சூர்யகலா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வழியெல்லாம் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். காலில் விழுவது என்றுகூட முடிவு செய்திருந்தாள். விழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று மங்ளிக்கு யார் சொல்வது? கையைப் பிடித்தாள். மங்ளி கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. சூர்யகலா அழுதாள். மங்ளி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த டீச்சர் முன்பும் இப்படி முகத்தைச் சுளித்து, அழுகிற மாதிரி காட்டியவள்தானே. இது எந்த அட்டையோ.

மங்ளி இப்படித்தான் நினைக்கிறாளோ என்று தோன்றியதும் சூர்யகலா அவள் கையை விட்டாள். வேறு வழியே இல்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். இனி ஜன்மத்துக்கும் தொடக்கூடாது என்று நினைத்திருந்த அந்த ஆப்பைத் திறந்து, ஒரே போனிலேயே பேசவும் கேட்கவும் முடிகிற மாதிரி மாற்றினாள். பொத்தானை அமுக்கிக்கொண்டு சொன்னாள்.

"என்னால்தான் உன் பிள்ளை போச்சு. அந்த வார்த்தையை எழுதினது நான்தான். என்னை மன்னிச்சிரும்மா."

போன் ஒரு நொடி யோசித்தது. பிறகு செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், நிதானமாக, இந்தியில் ஏதோ சொன்னது. மங்ளி போனையே பார்த்தாள், சூர்யகலாவைப் பார்க்கவில்லை. புரிந்ததா? எவ்வளவு புரிந்தது? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குரல் நின்றது. திரையில் ஐந்து முகம் வந்தது.

அழுகிற முகத்தை அமுக்கு என்று சூர்யகலா மனசுக்குள் கெஞ்சினாள். இந்த ஒரு தடவை அதை அமுக்கு தாயே, ஆறு கேள்விக்கும் நான் பதில் எழுதுகிறேன். போனைத் திருப்பி, இடது ஓரம் மங்ளியின் விரலுக்குப் பக்கத்தில் வரும்படி நீட்டினாள்.

மங்ளி விரலைத் தூக்கினாள். அழுகிற முகத்தைத் தாண்டி, நடு முகத்தைத் தாண்டி, வலது ஓரத்துக்குப் போய், பல் தெரியச் சிரிக்கிற முகத்தை அமுக்கினாள். போன் நன்றி சொன்னது.

சூர்யகலா வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள். மங்ளி பயந்துபோய் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே விரலை வைத்து இன்னொரு தடவை அமுக்கினாள்.